வில்லன் கட்சி: காமிக்ஸ் வில்லன்கள், கறைபடிந்த நாயகர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காமிக்ஸ் வாசகர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்விகளில் குறைந்தது ரெண்டு வந்துவிடும். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறோம். அமெரிக்க, பிரிட்டிஷ் காமிக்ஸைப் பற்றித்தான் பேச்சு அதிகம். தமிழில் வந்தவையும் உண்டு. சில கதைகளின் திருப்பங்கள் இங்கே உடையும். அதில் கவலை உள்ளவர்கள் 7-ஆம் கேள்வியில் உள்ள புத்தகங்களைப் படித்துவிட்டு வரலாம்.

1. வில்லன், ஆன்ட்டிஹீரோ ரெண்டும் ஒண்ணுதானே? பேரைத்தானே மாத்திச் சொல்றாங்க?

இல்லை. என்ன வேண்டும் என்கிறான், அதை அடைய என்ன செய்கிறான், அதற்கான விலையை யார் தலையில் கட்டுகிறான் என்று மூன்றையும் கேட்டால் ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். டாக்டர் டூம் (1962) லாட்வீரியா என்ற கற்பனை நாட்டின் அதிபதி. உலகம் தன் கைக்கு வந்தால்தான் உருப்படும் என்று மனதார நம்புகிறார். விலை மொத்தமும் ஊரார் தலையில். வில்லன். பனிஷர் (1974) குற்றவாளிகளை ஒழிக்கக் கிளம்பியவன். நோக்கத்தைப் பலரும் ஒப்புவார்கள், வழி கொலை. ஆன்ட்டிஹீரோ.

மூன்றாவது ஒரு வகை உண்டு. நோக்கம் சரி, வழியும் பெரும்பாலும் சரி, ஆனால் ஆள் உள்ளுக்குள் உடைந்தவன். 1986-இல் 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' புத்தகத்தில் ஃபிராங்க் மில்லர் படைத்த, ஐம்பத்தைந்து வயதில் மறுபடி முகமூடி மாட்டும் பேட்மேன் அப்படி. இவனைக் 'கறைபடிந்த நாயகன்' என்று இங்கே குறிப்பிடுகிறோம். எழுதுபவர் மாறினால் அதே பாத்திரம் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அதனால் 'பேட்மேன் எந்த வகை?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த வருடத்துப் பேட்மேன் என்று சொல்ல வேண்டும்.

2. சூப்பர்மேன் எனக்குச் சுத்தமா போர் அடிக்குது. என்கிட்டதான் ஏதும் கோளாறா?

கோளாறு மாத இதழ் என்ற வடிவத்தில் இருக்கிறது. அடுத்த மாதமும் அதே நகரம், அதே நாயகன் வேண்டும் என்பதால் இதழ் முடிவில் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். உடைந்ததை ஒட்டவைப்பது நாயகனின் உத்தியோகம். திட்டம் போடுபவன், முதல் அடி எடுத்துவைப்பவன், எதையாவது மாற்ற நினைப்பவன் எல்லாம் வில்லன்தான். அவன் வேலை கொடுக்காவிட்டால் நாயகன் வெட்டியாக உட்கார்ந்திருப்பான். கதையை நகர்த்துபவன் மேல் வாசகன் கண் போவது இயல்பு.

சூப்பர்மேனும் பிறக்கும்போதே சாது இல்லை. அவனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1933-இல் தாங்களே அச்சிட்ட சிறு பத்திரிகையில் 'சூப்பர்மேன்' என்ற பெயரை முதலில் சூட்டியது ஒரு வழுக்கைத்தலை வில்லனுக்கு. 1938-இல் நாயகனாக வந்தவனும் முரடன்தான். மூன்றாவது இதழிலேயே, பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியை அவர் விருந்தாளிகளோடு சேர்த்து அதே சுரங்கத்துக்குள் சிக்கவைத்துப் பாடம் நடத்துகிறான். அந்தச் சூப்பர்மேனைக் கொடுத்தால் உங்களுக்குப் போர் அடிக்காது.

3. வில்லனை ரசிச்சா புத்தி கெட்டுப்போகும்னு வீட்ல சொல்றாங்களே?

இதை அமெரிக்கா முழுக்கச் சொன்ன காலம் உண்டு. ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் 1954-இல் எழுதிய புத்தகம், சிறுவர் குற்றங்களுக்குக் காமிக்ஸைக் காரணம் காட்டியது. அதே ஆண்டு செனட் விசாரணை நடந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே 'காமிக்ஸ் கோட்' என்ற தணிக்கையை ஏற்படுத்திக்கொண்டார்கள். குற்றவாளி மேல் வாசகருக்கு இரக்கம் வரக் கூடாது. நன்மை ஒவ்வொரு முறையும் ஜெயித்தே ஆக வேண்டும். போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி யாரையும் மரியாதை குறையும்படி காட்டக் கூடாது. இந்தத் தணிக்கையின் முத்திரை இல்லாத இதழைப் பல விநியோகஸ்தர்கள் தொடமாட்டார்கள் என்பதால் இது சட்டம் மாதிரியே நடந்தது.

1971-இல் விதிகள் தளர்ந்தன, 2001-இல் மார்வெல் பதிப்பகம் விலகியது, 2011-இல் டிசி, ஆர்ச்சி பதிப்பகங்களும் விலகியதோடு கதை முடிந்தது. வெர்தமின் கோப்புகளைப் பின்னாளில் ஆராய்ந்த கரோல் டில்லி, சிறுவர்களின் வாக்குமூலங்களை அவர் மாற்றியும் வெட்டியும் ஒட்டியும் பயன்படுத்தியிருப்பதை 2012-இல் வெளிக்கொண்டுவந்தார். வீட்டில் சொல்வதற்கு இது போதும். ஆனால் வில்லனை ரசிப்பது வேறு, அவன் சொல்வதை நம்பத் தொடங்குவது வேறு. 10, 11 கேள்விகளைப் பார்க்கவும்.

4. நம்ம இரும்புக்கை மாயாவி முதல்ல வில்லனாமே, நிஜமா?

நிஜம். 1962 அக்டோபரில் பிரிட்டனில் 'வேலியண்ட்' வார இதழ் தொடங்கியபோதே வந்த தொடர் அது. மாயாவியின் நிஜப் பெயர் லூயிஸ் கிராண்டல், ஆய்வுக்கூட உதவியாளர், வலது கைக்குப் பதில் எஃகுக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். முதல் கதையில் மனிதர் வங்கியைக் கொள்ளையடிக்கிறார், நியூயார்க்கையே மிரட்டுகிறார். நிழல் படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்து உளவாளி ஆனதெல்லாம் பிற்பாடு. ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின்காரர்.

தமிழில் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் முதல் இதழே இந்த மாயாவிதான். திருந்திய பிறகான சாகசங்கள்தான் பலருக்கு மனதில் நின்றன, அதனால் ஆரம்பக் கதை இன்றும் சிலருக்கு அதிர்ச்சி. முதல் கதையை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். யாரும் பார்க்காத இடத்தில் ஒருவன் என்ன ஆவான் என்பதைக் காட்டும் அந்த ஐம்பது அறுபது பக்கங்கள், பின்னால் வந்த எந்த உளவு சாகசத்தையும்விடக் கனமானவை என்பது எங்கள் கட்சி.

5. ஸ்பைடர்னா ஸ்பைடர்மேன்தானே?

இரண்டு பேருக்கும் வலை தவிரச் சம்பந்தம் இல்லை. ஸ்பைடர்மேன் 1962, அமெரிக்கன். தமிழில் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர், பிரிட்டனின் 'லயன்' இதழில் 1965 ஜூனில் பிறந்தவன். டெட் கோவன் எழுத்து, ரெக் பன் ஓவியம். கூர்க்காது, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி. உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜா ஆக வேண்டும் என்பது அவன் லட்சியம். விஞ்ஞானி பெல்ஹாமையும் பெட்டகம் உடைப்பதில் கெட்டிக்காரனான ராய் ஆர்டினியையும் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறான்.

அடுத்த ஆண்டே கதை எழுத வந்தவர் யார் தெரியுமா? 2-ஆம் கேள்வியில் வந்த அதே ஜெர்ரி சீகல். நல்லவர்களிலேயே நல்லவனைப் படைத்தவர் கையில்தான் இந்தத் தலைக்கனம் பிடித்த கொள்ளையன் வளர்ந்தான். போகப் போக, மற்ற வில்லன்களை அடக்குவதுதான் பெரிய சவால் என்று ஸ்பைடர் கட்சி மாறுகிறான். மனசாட்சி உறுத்தியதால் இல்லை, தன்னைவிடப் பெரிய ஆள் இருக்கக் கூடாது என்பதால். தமிழ் வாசகருக்கு அவன் செல்லப்பிள்ளை ஆனதற்கு அந்தத் திமிர்தான் காரணம்.

6. ஜோக்கரோட உண்மையான கதை எது? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணு சொல்றாங்க.

உண்மையானது என்று ஒன்று இல்லை. 1940-இல் பேட்மேன் முதல் இதழில் வந்தபோது அவனுக்குப் பின்கதையே கிடையாது. அதே இதழின் இரண்டாம் ஜோக்கர் கதையில் அவனைக் கொன்றுவிடத்தான் திட்டம். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தடுத்ததால், 'ஆள் இன்னும் சாகவில்லை' என்று அவசரமாக ஒரு கட்டம் சேர்த்தார்கள். ரசாயனத்தில் விழுந்து முகம் வெளுத்த கதை 1951-இல்தான் வருகிறது. 1988-இல் 'தி கில்லிங் ஜோக்' புத்தகத்தில் ஆலன் மூர், தோற்றுப்போன மேடைக் கோமாளி என்று ஒரு கதை சொல்லி, அதே கையோடு ஜோக்கர் வாயாலேயே அது நிச்சயமில்லை என்றும் சொல்லவைத்துவிட்டார்.

2019 திரைப்படம் அவனுக்கு ஆர்தர் ஃப்ளெக் என்று பெயரும் வியாதியும் முகவரியும் கொடுத்தது. வாக்கீன் ஃபீனிக்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 2008 படத்தில் ஹீத் லெட்ஜரின் ஜோக்கர், தன் வாய்த் தழும்புக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வான். இரண்டில் பயமுறுத்துவது லெட்ஜர்தான். காரணம் தெரிந்த நொடியில் பயம் பாதியாகிவிடும்.

7. சரி, எதுல ஆரம்பிக்கறது? கடல் மாதிரி இருக்கே.

தொடர் எண்ணைத் துரத்தாதீர்கள். முதல் இதழிலிருந்து படிக்கிறேன் என்று உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இருபதாவது இதழில் கடையைக் கட்டிவிடுகிறார்கள். தனித்து நிற்கும் புத்தகம்தான் முதலில் வேண்டும். 'தி கில்லிங் ஜோக்' ஐம்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும், ஒரு மாலை போதும். அடுத்து 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்', நான்கு பாகம். மூன்றாவதாக 'வாட்ச்மென்', பன்னிரண்டு பாகம். அவசரப்படாமல் நாளுக்கு ஒன்று என்று படியுங்கள். கடைசிப் பாகம் தவிர மற்ற ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் வரும் கடிதம், அறிக்கை, கட்டுரை எல்லாம் கதையில் சேர்த்திதான். அவற்றைத் தள்ளிவிட்டுப் போனவர்களுக்குத்தான் முடிவு புரிவதில்லை.

ஜப்பானியப் பக்கம் போக விரும்பினால் 'டெத் நோட்', பன்னிரண்டு தொகுதிகள். நாயகனே வில்லன், அவன் எந்தப் பக்கத்தில் கோட்டைத் தாண்டினான் என்று தேடுவதே ஒரு விளையாட்டு. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஆங்கிலம் சிரமம் என்றால் மாயாவி, ஸ்பைடர் மறுபதிப்புகளில் தொடங்குங்கள். கௌபாய் கதை பிடித்தவர்களுக்குக் கேப்டன் டைகர் இருக்கிறார்: சூதாடி, குடிகாரர், மேலதிகாரி சொல் கேளாதவர்.

8. பிள்ளைங்களுக்கு எந்த வயசுல கொடுக்கலாம்?

மேலே சொன்ன மூன்று அமெரிக்கப் புத்தகங்களும் சிறுவர்களுக்கு இல்லை. 'கில்லிங் ஜோக்'கில் ஒரு பெண்ணுக்கு நடக்கும் கொடுமை பெரியவர்களையே சங்கடப்படுத்தும். டிசி வெளியீடுகளில் 'பிளாக் லேபிள்' என்றிருந்தால் பதினேழு வயதுக்கு மேல். மார்வெலில் 'மேக்ஸ்' என்றிருந்தால் முழுக்கப் பெரியவர்களுக்கு. 2004-இல் தொடங்கிய பனிஷர் தொடர் அந்த வகை. அட்டைப் படத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், குட்டிப் பிள்ளைகளுக்கான இதழிலும் அதே பேட்மேன்தான் நிற்பார். பத்து வயதுக்கு மாயாவியும் ஸ்பைடரும் தாராளமாகப் போதும்.

9. சோகமான ஃப்ளாஷ்பேக் இருந்தா நல்ல வில்லன் ஆயிடுவானா?

ஆகமாட்டான். எழுத வருபவர்கள் விழும் முதல் குழி இதுதான். மிஸ்டர் ஃப்ரீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-இல் 'மிஸ்டர் ஸீரோ' என்ற பெயரில் ஐஸ் துப்பாக்கியோடு வந்த மூன்றாந்தரக் கொள்ளையன். 1992-இல் பேட்மேன் அனிமேஷன் தொடருக்காக பால் டினி அவனுக்கு நோரா என்ற நோயாளி மனைவியைக் கொடுத்தார். அவளைக் காப்பாற்ற நடந்த பரிசோதனையைப் பணத்துக்காக நிறுத்துகிறான் முதலாளி. இருபத்திரண்டு நிமிட எபிசோட், எம்மி விருது வாங்கியது, காமிக்ஸும் அந்தக் கதையையே எடுத்துக்கொண்டது.

பலரும் அதிலிருந்து 'மனைவி இறந்தால் வில்லன் தயார்' என்ற பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். அங்கே நடந்தது வேறு. அவன் சோகம், அவன் ஆயுதம், அவன் பேச்சு மூன்றும் குளிர் என்ற ஒரே பொருளால் ஆனவை. உணர்ச்சி உறைந்தவன் உறையவைக்கிறான். அதோடு, பழிவாங்கும் வழியில் அவன் ஆளே அடிபட்டு உறைந்து கிடக்கும்போது திரும்பிப் பார்க்காமல் போகிறான். இரக்கத்தைக் கொடுத்த கை உடனே கொஞ்சம் பறித்துக்கொள்ளவும் செய்கிறது. பறிக்கத் தெரியாதவர் எழுதினால் வில்லன் வெறும் பரிதாபம் ஆகிவிடுவான்.

10. மேக்னிட்டோ சொல்றது சரிதானே சார்? அப்புறம் ஏன் அவரை வில்லன்னு சொல்றீங்க?

1963-இல் வந்த மேக்னிட்டோ சொன்னது சரியே இல்லை, அப்போது அவர் சாதாரண உலகத்தை-ஆள்வேன் ரகம். நீங்கள் சொல்வது கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய மேக்னிட்டோ. 1981-இல் 'எக்ஸ்-மென்' தொடரின் 150-ஆவது இதழில்தான் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் நினைவு அவர் வாயில் வருகிறது. பெரும்பான்மை பயந்தால் சிறுபான்மையை என்ன செய்யும் என்று கண்ணால் கண்டவர். அவர் பயம் நியாயம். அவரைப் போலப் பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட மியூட்டன்ட்களுக்கு எதிராகக் கதைக்குள் அரசாங்கங்கள் ரோபோக்களையே ஏவுகின்றன.

1-ஆம் கேள்வியின் மூன்றாவது அளவுகோலை வையுங்கள். அதே இதழில் அவர் ஒரு சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை ஆட்களோடு மூழ்கடிக்கிறார். பிறகு சண்டையில் கிட்டி பிரைட் என்ற பதின்மூன்று வயது யூதச் சிறுமியைக் கிட்டத்தட்டக் கொன்றுவிடுகிறார். அவள் உடலைக் கையில் ஏந்தியபோதுதான், தான் யாராக மாறிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே உறைக்கிறது. கேள்வி சரியாக இருந்து விடை தவறாகப் போனவர். 1985-இல் இருநூறாவது இதழில் நீதிமன்றத்தில் நிற்கிறார், மியூட்டன்ட்களுக்காகச் சேவியர் என்பவர் நடத்திய பள்ளிக்கும் சில காலம் தலைமை தாங்குகிறார். அந்த நான்கு வருடக் கதை, வில்லன் எப்படித் திரும்ப வேண்டும் என்பதற்கு நாங்கள் காட்டும் முதல் உதாரணம்.

11. ரோர்ஷாக்தான் என் ஹீரோ. சமரசமே செய்யாதவன். தப்பா?

'வாட்ச்மென்' ரோர்ஷாக்கை ஆலன் மூர் எழுதியது எச்சரிக்கையாக. கறுப்பு வெள்ளை தவிர வேறு நிறமே இல்லை என்று நம்பிய, காமிக்ஸ் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவின் நாயகர்களை நிஜ உலகில் இறக்கினால் என்ன ஆவார்கள் என்ற சோதனை. குளிக்காதவன், நண்பன் வீட்டு அடுக்களையில் டின் பீன்ஸைச் சுடவைக்காமல் தின்பவன், பெண்களையும் தன்னைப் போல் இல்லாதவர்களையும் வெறுப்பவன். வாசகர்கள் இவனைக் கொண்டாடியது மூருக்கே அதிர்ச்சி.

ஏன் கொண்டாடினார்கள் என்பதும் புரிகிறது. எல்லாரும் ஒரு மாபெரும் பொய்க்கு உடன்படும்போது இவன் ஒருவன் முடியாது என்கிறான். அந்தக் காட்சியை ரசியுங்கள், தப்பில்லை. ஆனால் ஆறாவது பாகத்தில் அவனோடு பேசும் மனநல மருத்துவரின் வாழ்க்கை எப்படிக் கலைகிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அவன் முகமூடியில் கறுப்பும் வெள்ளையும் ஓயாமல் நகர்கின்றன, ஒன்றோடொன்று கலப்பதே இல்லை. அதை அவன் பெருமையாக நினைக்கிறான், மூர் அப்படி நினைக்கவில்லை.

12. பனிஷர் மண்டையோடு போட்ட டி-ஷர்ட் வாங்கியிருக்கேன். ஏதாவது பிரச்சினையா?

போட்டுக்கொள்ளுங்கள், அர்த்தம் தெரிந்து போடுங்கள். அமெரிக்கப் போலீஸ்காரர்களும் ராணுவத்தினரும் அந்தச் சின்னத்தை வண்டியிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டபோது, பனிஷரைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி கான்வே வெளிப்படையாக எதிர்த்தார். சட்டம் தோற்ற இடத்தில் பிறந்தவன் பனிஷர். சட்டத்தின் ஆட்களே அவன் சின்னத்தை மாட்டுவது தலைகீழ் என்பது அவர் வாதம். 2019-இல் காமிக்ஸுக்குள்ளேயே பனிஷர் ஒரு போலீஸ் வண்டியிலிருந்து அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டு, முன்மாதிரி வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவைப் பாருங்கள் என்கிறான். 2022-இல் மார்வெல் சின்னத்தையே மாற்றிப் பார்த்தது.

13. வில்லனுக்குத் தனித் தொடர் கொடுத்தா ஏன் உடனே சாதுவாயிடறான்?

தொடர் ஓட வேண்டுமே. 1975-இல் ஜோக்கர் பெயரிலேயே ஒரு தொடர் வந்தது. 3-இல் சொன்ன தணிக்கை அப்போதும் உயிரோடு இருந்ததால் ஒவ்வொரு இதழிலும் அவன் தோற்றாக வேண்டும். தன் பெயர் போட்ட பத்திரிகையில் தானே மாதா மாதம் தோற்கும் நாயகன்! ஒன்பது இதழோடு நின்றது.

அடுத்த வழி, வில்லனைவிட மோசமான ஒருவனைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்துவது. 1988-இல் ஸ்பைடர்மேனின் கொலைவெறி எதிரியாக வந்த வெனம், 1993-இல் தனித் தொடர் கிடைத்ததும் சான் ஃபிரான்சிஸ்கோவில் வீடற்றவர்களுக்குக் காவலன் ஆகிவிட்டான். நம் ஸ்பைடருக்கும் நடந்தது இதேதான் (5-ஐப் பார்க்கவும்). இதில் தப்பித்தவர்கள் குறைவு. இத்தாலியில் ஆஞ்செலா, லுச்சானா ஜூஸ்ஸானி சகோதரிகள் 1962-இல் தொடங்கிய டயபாலிக் திருடனாகவே நீடிக்கிறான். அவன் திருடுவது பெரும்பாலும் பணம் கொழுத்த அயோக்கியர்களிடம் என்ற சலுகையை எழுதியவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

14. நானே ஒரு வில்லன் கதை எழுதிட்டிருக்கேன். எங்க சொதப்பும்?

நாயகன் பெயரைச் சொல்லாமல் வில்லனுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'அவனைப் பழிவாங்கணும்' என்பதைத் தவிர வேறு வரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது வில்லன் இல்லை, நாயகனின் நிழல். பிறகு அவன் எந்த நிலையிலும் செய்யாத ஒரு காரியத்தைத் தீர்மானியுங்கள். இருபத்திரண்டு பக்கக் கதை என்றால் ஐந்தாம் பக்கத்துக்குள் அவன் ஒரு முடிவெடுத்துச் செயலில் இறங்கிவிட வேண்டும். பின்கதையைப் பாதிக்கு முன்னால் திறக்காதீர்கள்.

சொதப்பும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, செத்தவர்களுக்குப் பெயர் இல்லாமல் போவது. வாசகனுக்குத் தெரிந்த, ஒரு பக்கமாவது பேசிய ஆள் விலை கொடுத்தால்தான் வில்லனின் கை கனக்கும். இரண்டு, இருபது பக்கம் சாணக்கியனாக இருந்தவன் கடைசி இரண்டு பக்கத்தில் மூளையைக் கழற்றிவைத்துவிட்டு, நாயகனைக் கட்டிப்போட்டுத் திட்டத்தை விளக்குவது. அவன் தோற்பதென்றால் அவன் குணத்தாலேயே தோற்கட்டும்: கர்வக்காரன் கர்வத்தால், சந்தேகக்காரன் தன் ஆளையே சந்தேகித்து.

15. அப்படிப் பார்த்தா கம்பனோட இராவணன்கூட ஆன்ட்டிஹீரோதானே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. எங்கள் பதில்: இல்லை, அவன் வில்லன்தான், கம்பன் கையில் கிடைத்ததால் பெரிய வில்லன். முதல் நாள் போரில் தோற்றுத் திரும்பும் இடத்தைப் பாருங்கள். யானைகளோடு மோதிய மார்பு, மலையைத் தூக்கிய தோள், நாரதர் மெச்சப் பாடிய நாக்கு, பத்து மகுடம், சிவன் கொடுத்த வாள் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் வீரத்தையும் சேர்த்துக் களத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு போனான் என்கிறார் கம்பர். எதிரியின் தோல்வியை அவன் சிறப்புகளாலேயே அளந்து சொல்கிறார். ஆனால் சீதையைக் கவர்ந்தது சரி என்று எந்த இடத்திலும் ஒப்புக்கொள்ளவில்லை.

1-ஆம் கேள்வியின் கணக்குப்படி கறைபடிந்தவனைத் தேடுகிறீர்கள் என்றால் ஆள் பக்கத்திலேயே படுத்திருக்கிறான், கும்பகருணன். அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். தம்பி வீடணன் வந்து கூப்பிட்டும் மறுபக்கம் போக மறுக்கிறான். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே போருக்குக் கிளம்புகிறான். அந்தப் படலத்தைப் படித்துவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.